கேம்பேடின் போர்டு, ஆர்கேடின் கைப்பிடி

கைப்படச் செய்த ஆர்கேட் ஜாய்ஸ்டிக் ஒன்றின் அடிப்பலகையைக் கழற்றினால், உள்ளே பெரும்பாலும் காலி இடம்தான் இருக்கும். மேலே ஒரு கைப்பிடி, எட்டுப் பத்துப் பட்டன்கள், அவற்றிலிருந்து இறங்கும் வயர்கள். வயர்கள் எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேருகின்றன. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு திருகப்பட்டிருக்கும். அதன் வளைந்த ஓரங்களைப் பார்த்ததும் எங்கோ பார்த்த வடிவமாகத் தெரியும். கடையில் விற்கும் சாதாரண கேம்பேடின் உறையைக் கழற்றி எடுத்த போர்டுதான் அது.

இந்த வேலைக்குப் பேட் ஹேக்கிங் என்று பெயர். ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் மாதிரியான சண்டை விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருவது. பெயரைக் கேட்டால் ஏதோ திருட்டுத்தனம் போலத் தோன்றும். உண்மையில் நடப்பது, ஒரு பட்டனுக்குப் பதில் இன்னொரு பட்டனை வயர் இழுத்து வைப்பது மட்டும்தான். பள்ளியில் படித்த மின்சுற்றுப் பாடம் நினைவிருந்தால் போதும், இதன் முக்கால்வாசி புரிந்துவிடும்.

பேடின் பட்டனை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். பிளாஸ்டிக் பட்டனுக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ். குமிழின் உட்பக்கம் கறுப்பாக ஒரு கார்பன் வில்லை. அதற்கு நேர் கீழே, போர்டின் மேல் இரண்டு தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் மிக நெருக்கமாக ஓடுகின்றன. பட்டனை அழுத்தினால் கார்பன் வில்லை இரண்டு தடங்களின் மேலும் படிந்து அவற்றை இணைக்கிறது. விட்டால் இணைப்பு அறுகிறது. அவ்வளவுதான் பட்டன்.

அந்த இரண்டு தடங்களில் ஒன்று கிரவுண்டுக்குப் போகிறது. மற்றது சிப்பின் ஒரு காலுக்குப் போகிறது. சிப்பின் அந்தக் காலை ஒரு ரெசிஸ்டர் வழியாக 3.3 அல்லது 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பார்கள். ஸ்பிரிங் வைத்த கதவு யாரும் தொடாதவரை மூடியே கிடப்பதுபோல, பட்டனைத் தொடாதவரை அந்தக் கால் மேல் வோல்ட்டிலேயே நிற்கும். கிரவுண்டுடன் இணைந்த கணம் பூஜ்யத்துக்கு இறங்கும். சிப் ஒவ்வொரு காலையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பார்த்துக்கொண்டே இருக்கிறது. பூஜ்யம் கண்டால் 'அழுத்தப்பட்டது' என்று கன்சோலுக்குச் சொல்கிறது. இணைத்தது ரப்பர் குமிழா, தனி ஸ்விட்சா, வெறும் வயர் நுனியா என்று அதற்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பேட் ஹேக்கிங் முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. அந்த இரண்டு தடங்களிலிருந்து வயர் இழுத்து வெளியே எந்தப் பட்டனில் கொடுத்தாலும், சிப்புக்கு அது பழைய பட்டன்தான்.

ஆர்கேட் இயந்திரங்களும் இதே முறையில்தான் இயங்கின. 1985-இல் ஜப்பானின் கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஜாமா என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டர். எந்த நிறுவனத்தின் விளையாட்டுப் போர்டையும் எந்தப் பெட்டியிலும் செருகலாம். அதிலும் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சிக்னல் வயர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கிரவுண்டு. ஆகவே கேம்பேடின் போர்டை ஆர்கேட் பட்டன்களோடு சேர்ப்பது, தூரத்து உறவினர் இருவரைப் பழையபடி ஒன்றுசேர்ப்பதுதான்.

பேடிலேயே ஆடினால் என்ன என்று கேட்கலாம். ஆடலாம், பேடில் ஆடியே பெரிய போட்டிகளை வென்றவர்கள் உண்டு. ஆனால் 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஆறு பட்டன்களை இரண்டு வரிசையாக வைத்தது. மேலே மூன்று குத்து, கீழே மூன்று உதை. வலது கையின் விரல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அவற்றின் மேல் தயாராக இருக்கும். இடது கை முழுவதும் கைப்பிடியைப் பிடித்திருக்கும். பேடில் இதே வேலையை இரண்டு கட்டைவிரல்கள் சுமக்க வேண்டும். ஆர்கேடில் கை பழகியவருக்கு அது ஒரு இழப்பு. மணிக்கணக்கில் ஆடி இடது கட்டைவிரல் கன்றிப்போனவர்களுக்கு அது வலியும்கூட.

சரி, பட்டன்களைப் படிக்கும் ஒரு சிப்பைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே, ஏன் பேடை உடைக்க வேண்டும்? காரணம் பூட்டு. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, தன்னோடு இணையும் ஒவ்வொரு கன்ட்ரோலரிடமும் ரகசியக் கேள்வி ஒன்றைக் கேட்கும். உரிமம் பெற்ற பேடுகளில் மட்டும் இருந்த பாதுகாப்பு சிப்தான் அதற்குப் பதில் சொல்லும். அந்த சிப்பைச் சில்லறையில் வாங்க வழியில்லை. ஆகவே 360-இல் ஆடும் ஜாய்ஸ்டிக் செய்ய நினைத்தவர், உரிமம் பெற்ற பேடு ஒன்றை வாங்கி அதன் போர்டையே பெட்டிக்குள் வைத்தார். அதிலும் வயர் உள்ள பேடுதான் வேண்டும். வயர் இல்லாத 360 பேடில் சார்ஜ் கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டுமே ஏறும், விளையாட்டுச் செய்தி அந்தக் கேபிள் வழியாகப் போகாது. தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 2009 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோது ஜாய்ஸ்டிக் தேடியவர்களின் எண்ணிக்கை திடீரென்று பெருகியது. கடைகளில் நல்ல ஜாய்ஸ்டிக் கிடைப்பது அரிதானது. பேட் ஹேக்கிங் பரவலானது அந்தக் காலத்தில்தான்.

இனி வேலைக்கு வருவோம். போர்டை வெளியே எடுத்ததும் சால்டரிங் அயர்னைத் தேடக்கூடாது, மல்டிமீட்டரைத்தான் எடுக்க வேண்டும். அதை 'பீப்' சத்தம் போடும் கன்டினியூட்டி நிலையில் வையுங்கள். யு.எஸ்.பி. கேபிள் போர்டில் வந்து சேரும் இடத்தில் நான்கு வயர்கள் இருக்கும். வழக்கமான நிறங்களின்படி சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, பச்சையும் வெள்ளையும் செய்தி போகும் வயர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கறுப்பில் வைத்துக்கொண்டு, மறுமுனையால் ஒவ்வொரு பட்டனின் இரு தடங்களையும் தொட்டுப் பாருங்கள். எல்லாப் பட்டன்களிலும் ஏதாவது ஒரு பக்கம் 'பீப்' அடித்தால் அது பொதுக் கிரவுண்டு போர்டு. உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

அடிக்கவில்லை என்றால் அது மேட்ரிக்ஸ் முறைப் போர்டாக இருக்கலாம். சிப்பின் கால்களை மிச்சப்படுத்த, பட்டன்களை வரிசையும் பத்தியுமாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டனும் ஒரு வரிசையையும் ஒரு பத்தியையும் இணைப்பதுபோல அமைத்திருப்பார்கள். அதில் பொதுவான கிரவுண்டு கிடையாது. ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக இரண்டு வயர் இழுக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் கைப்பிடியில். சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். கைப்பிடியில் நான்கு திசைக்கும் நான்கு வயர், பொதுவாக ஒரு கிரவுண்டு என்று ஐந்தே முனைகள்தான். மேட்ரிக்ஸ் போர்டின் நான்கு திசைகளும் தற்செயலாக ஒரே வரிசையில் இருந்தால் ஒழிய அது பொருந்தாது. நான்கு மைக்ரோஸ்விட்சும் தனித்தனியாக இருக்கும் அமெரிக்க ஹேப் வகைக் கைப்பிடியைத்தான் அப்போது நாட வேண்டும். முதல் முறை செய்கிறவர் மேட்ரிக்ஸ் போர்டைக் கண்டால் அதை எடுத்து வைத்துவிட்டு வேறு பேடு தேடுவது நல்லது என்பது என் எண்ணம்.

சால்டரிங்கில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரப்பர் குமிழ் தொடும் தடங்களின் மேல் கறுப்பாக கார்பன் பூசியிருக்கும். கார்பனில் ஈயம் ஒட்டாது. எவ்வளவு சூடு காட்டினாலும் ஈயம் உருண்டு ஓடும், போர்டுதான் கருகும். அந்தத் தடம் போகும் வழியைக் கண்ணால் பின்தொடருங்கள். வழியில் எங்காவது சிறு வட்டமாக, வெள்ளி நிறத்தில் ஒரு சோதனைப் புள்ளி இருக்கும். தொழிற்சாலையில் போர்டைப் பரிசோதிக்க விட்டுவைத்த இடம் அது. அதில் ஈயம் அழகாகப் பிடிக்கும். அப்படி ஒன்று இல்லையென்றால், தடத்தை மூடியிருக்கும் பச்சைப் பூச்சை ஒரு பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் ஃபிளக்ஸ் தடவி, முதலில் அங்கே துளி ஈயம் ஏற்றிக்கொள்ள வேண்டும். வயர் நுனியிலும் தனியாக ஈயம் ஏற்றி, பிறகு இரண்டையும் சேர்த்து அயர்னால் தொட்டு எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். 350 டிகிரி செல்சியஸ் சூடு போதும். அயர்ன் முனை இரண்டு மூன்று நொடிக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. நின்றால் தடம் போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். பெயர்ந்தாலும் போர்டு செத்துவிடுவதில்லை. அதே தடத்தில் சிப்புக்கு இன்னும் அருகே வேறு இடம் தேடிச் சுரண்டலாம்.

போர்டில் வைக்கும் வயர் மெல்லியதாக, கால் மில்லிமீட்டர் தடிமனில் இருப்பது நல்லது. தடித்த வயர் தன் விறைப்பாலேயே தடத்தைப் பிய்த்துவிடும். ஆனால் மெல்லிய வயரைப் பட்டன் வரை இழுத்துச் செல்வது தவறு. போர்டின் பக்கத்திலேயே, எலக்ட்ரீசியன்கள் ஸ்க்ரூ முடுக்கி வயர் சேர்க்கப் பயன்படுத்தும் ஸ்ட்ரிப் கனெக்டர் ஒன்றைத் திருகி வையுங்கள். மெல்லிய வயர்கள் ஒரு பக்கம் வந்து முடியட்டும். மறுபக்கத்திலிருந்து சற்றுத் தடித்த வயர்கள் பட்டன்களுக்குப் போகட்டும். பின்னாளில் யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் அந்த இழுப்பு ஸ்க்ரூவோடு நின்றுவிடும். சால்டர் வைத்த இடங்களின் மேல் ஒரு துளி ஹாட் குளூ விட்டால் இன்னும் பத்திரம். இந்தச் சிறு பொருள்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் கிடைக்கும். ஜப்பானியப் பட்டனும் கைப்பிடியும்தான் இணையத்தில் வரவழைக்க வேண்டியவை.

பட்டன் பக்கம் வேலை சுலபம். சான்வாவின் வழக்கமான பட்டன் 30 மில்லிமீட்டர். ஸ்டார்ட், செலக்ட் போன்றவற்றுக்கு 24 மில்லிமீட்டர். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு தகட்டு முனைகள். 2.8 மில்லிமீட்டர் கிளிப்பை வயரில் அழுத்திப் பொருத்திச் செருகிவிடலாம், சால்டர் தேவையில்லை. எந்த முனை சிக்னல், எது கிரவுண்டு என்ற கவலையும் இல்லை, இரண்டும் ஒன்றுதான். கிரவுண்டுக்கு ஒரே வயரைப் பட்டன் பட்டனாகத் தொட்டுக்கொண்டு போய், கடைசியில் மறுபடியும் கிரவுண்டிலேயே கொண்டுவந்து முடியுங்கள். வளையமாகச் சுற்றி வந்துவிட்டால், நடுவில் ஒரு கிளிப் கழன்றாலும் மற்றப் பட்டன்கள் மறுபக்க வழியாக உயிரோடு இருக்கும். மைக்ரோஸ்விட்ச் தனியாக உள்ள கைப்பிடி என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று பொது முனை. மற்ற இரண்டில் ஒன்று அழுத்தினால் இணைவது, இன்னொன்று அழுத்தினால் பிரிவது. நமக்கு வேண்டியது அழுத்தினால் இணைவது. மாற்றிக் கொடுத்தால், கைப்பிடியைத் தொடாதபோது ஆட்டக்காரன் தானாக நடந்துகொண்டே இருப்பான்.

திசைகளிலும் ஒரு தலைகீழ் உண்டு. கைப்பிடி நடுவில் ஒரு புள்ளியில் தாங்கப்பட்டிருப்பதால், மேல்நுனியை முன்னே தள்ளினால் பெட்டிக்குள் இருக்கும் கீழ்நுனி பின்னே போகும். ஆகவே 'மேலே' என்ற சிக்னல் வயர் நம் பக்கம் இருக்கும் ஸ்விட்சில் சேர வேண்டும். 'இடது' வலப்பக்க ஸ்விட்சில். மூலைத் திசைகளுக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்விட்ச் இரண்டும் ஒருசேர அழுந்தினால் அதுவே மூலை.

இவ்வளவும் ஆன பிறகு ட்ரிகர் பிரச்சினை வரும். 360 பேடில் ஆறு சண்டைப் பட்டன்களை வழக்கமான ஜாய்ஸ்டிக் அமைப்பில் வைத்தால், ஆறாவதான கனமான உதை, பேடின் வலது ட்ரிகரில் விழுகிறது. ஆகவே ட்ரிகரைத் தவிர்க்க முடியாது. அது சாதாரணப் பட்டன் இல்லை. கார் விளையாட்டில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகவோ முழுமையாகவோ அழுத்துவதற்காக வைத்தது. அழுத்தும் அளவுக்கேற்ப வோல்ட் ஏறி இறங்கும். அந்த உறுப்பை வெறுமனே கழற்றிவிட்டால் அதன் சிக்னல் தடம் எதிலும் பிடிப்பில்லாமல் மிதக்கும், ஆட்டத்தில் யாரும் தொடாமலே உதை விழும். முதலில் மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, ட்ரிகர் ஓய்வில் இருக்கும்போது சிக்னல் எந்த வோல்ட்டில் நிற்கிறது, முழுதாக அழுத்தினால் எங்கே போகிறது என்று பாருங்கள். ஓய்வில் மேலே நின்று, அழுத்தினால் கீழே வருவதாக இருந்தால் அதிர்ஷ்டம். சிக்னலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மேல் வோல்ட்டில் கட்டிவிட்டு, மற்றப் பட்டன்களைப் போலவே கிரவுண்டுக்கு இணைக்கும் பட்டனை வைத்தால் முடிந்தது. ஓய்வில் கீழே நின்று, அழுத்தினால் மேலே போகும் வகை என்றால் கிரவுண்டுப் பட்டன் உதவாது. நடுவில் ஒரு நாட் கேட் ஐ.சி. வேண்டும். உள்ளே பூஜ்யம் வந்தால் வெளியே மேல் வோல்ட் கொடுப்பது அதன் வேலை, ஒரே ஐ.சி.யில் ஆறு கேட்கள் இருப்பதால் இரண்டு ட்ரிகருக்கும் ஒன்றே போதும்.

கட்டைவிரலால் சுழற்றும் அனலாக் குச்சிகள் இரண்டையும், பெட்டியில் இடம் இருந்தால், அப்படியே விட்டுவிடுவதுதான் என் யோசனை. கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, சிக்னலைச் சரிபாதி வோல்ட்டில் நிறுத்த வேண்டும். குச்சி நடுவில் நிற்பதாக சிப் எடுத்துக்கொள்ளும். இரண்டு குச்சிக்கு நான்கு அச்சு, எட்டு ரெசிஸ்டர்.

ஒரே பெட்டியில் இரண்டு கன்சோல்களுக்கு இரண்டு போர்டு வைப்பவர்களும் உண்டு. இரண்டு போர்டின் சிக்னல்களையும் அதே பட்டன்களில் சேர்த்து, யு.எஸ்.பி.யின் பச்சை, வெள்ளை வயர்களை மட்டும் ஒரு ஸ்விட்ச் வழியாக மாற்றிக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் சில நேரம் எல்லாப் பட்டனும் தானாக அழுந்தியதுபோல ஆகிவிடும். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் போர்டின் சிப், தன்னோடு சேர்ந்திருக்கும் சிக்னல் வயர்களின் வோல்ட்டை உறிஞ்சிக் கீழே இழுப்பதுதான் காரணம். ஆகவே எந்தப் போர்டு வேலை செய்தாலும் இரண்டுக்கும் 5 வோல்ட் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

சண்டை விளையாட்டுக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த வேலையால் மிகப் பெரிய பயன் அடைந்தவர்கள் வேறு. கை விரல்கள் இயங்காதவர், ஒரு கை மட்டும் உள்ளவர், தலையை மட்டும் அசைக்கக்கூடியவர் ஆகியோருக்குப் பேடு ஒரு மூடிய கதவுதான். பட்டனின் தடங்களிலிருந்து வயர் இழுத்து, பழைய ஹெட்போன்களில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஒன்றில் முடித்துவிட்டால், அதில் பெரிய தட்டுப் பட்டனைச் செருகி முழங்கையால் அழுத்தலாம். காலால் மிதிக்கும் ஸ்விட்சைச் செருகலாம். தலையால் தள்ளும் ஸ்விட்சைச் செருகலாம். 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்பக்கத்தில் வரிசையாக இருக்கும் 19 ஜாக்குகளும் இதே இரண்டு வயர் முறைதான். அதை உருவாக்கும்போது அமெரிக்காவின் ஏபிள்கேமர்ஸ், பிரிட்டனின் ஸ்பெஷல் எஃபெக்ட் போன்ற தொண்டு அமைப்புகளின் யோசனைகளைக் கேட்டார்கள். 2023-இல் சோனியும் ஆக்ஸஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. இவை வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதுவரை ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பேடைத் திறந்து சால்டர் வைக்க வேண்டியிருந்தது.

இன்று கணினிக்கு மட்டும் ஜாய்ஸ்டிக் வேண்டுமென்றால் பேடை உடைக்கத் தேவையில்லை. 2021-இல் நான்கு டாலர் விலையில் வந்த ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ போர்டில், ஜி.பி. 2040 சி.இ. என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அதுவே கன்ட்ரோலர் ஆகிவிடும். பட்டன்களை அதன் கால்களில் நேராகச் சேர்க்கலாம். சுரண்டல் இல்லை, ரெசிஸ்டர் இல்லை. நேர இழப்பும் ஒரு மில்லி நொடிக்குள். விளையாட்டின் ஒரு சட்டகம் திரையில் நிற்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி என்பதோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை. ஆனால் கன்சோல்களின் பூட்டு இன்னும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4-இல் உரிமம் இல்லாத போர்டைச் செருகினால் எட்டு நிமிடம் ஆடவிட்டு, பிறகு இணைப்பைத் துண்டித்துவிடும். அங்கெல்லாம் உரிமம் பெற்ற பேடின் போர்டுக்கு இன்றும் வேலை உண்டு.

முதலில் கைப்பழக்கத்துக்கு, கணினியில் வேலை செய்யும் மலிவான யு.எஸ்.பி. பேடு ஒன்றை எடுங்கள். ட்ரிகர் இல்லாத, பழைய பாணியில் பட்டன்கள் மட்டும் உள்ள பேடு என்றால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வயரை வைத்ததும் கணினியில் செருகி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து, அந்த வயரின் மறுநுனியைக் கிரவுண்டில் தொட்டுப் பாருங்கள். திரையில் அதற்குரிய வட்டம் ஒளிர்ந்தால் அடுத்த வயருக்குப் போகலாம். அழுத்தாமலே ஒளிர்ந்துகொண்டிருந்தால் பக்கத்துப் புள்ளிக்கு ஈயம் வழிந்திருக்கிறது என்று பொருள். ஒளிரவே இல்லையென்றால் ஈயத்துக்கு அடியில் பூச்சு இன்னும் முழுதாகப் போகவில்லை, மறுபடி சுரண்ட வேண்டும். பெட்டியை மூடிய பிறகு தேடுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.